பழைய பின் அச்சை வாங்கலாமா?

கேள்வி: என் 1098 சிசி மோரிஸ் மைனருக்குப் பழைய பின் அச்சு ஒன்று கிடைத்துள்ளது, பூட்டுமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முதலில் பல் விகிதத்தைப் (பின் சில்லுகள் இரண்டும் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சின் பக்கமிருந்து வரும் சுழல்தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பதை) பாருங்கள், 948 சிசி வண்டிக்கு 4.55, உங்களுடையதற்கு 4.22. ஒரு பக்கச் சில்லை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கச் சில்லை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றும்போது, சுழல்தண்டு பொருந்தும் முன்தட்டு ஏறக்குறைய நாலேகால் சுற்றுச் சுற்றினால் அது உங்கள் வண்டிக்கானது; நாலரையைத் தாண்டினால், நெடுஞ்சாலையில் எஞ்சின் வீணாக அலறும். அடுத்து, எண்ணெயை வடித்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். வெள்ளி மினுக்கம் பழைய அச்சில் இயல்புதான். நகத்தில் தட்டுப்படும் துண்டு இருந்தால் பல் உடைந்திருக்கக்கூடும். பளபளக்கும் புதுப் பெயின்டை நம்பாதீர்கள், அதற்குள்தான் பெரும்பாலும் எண்ணெய்க் கசிவு ஒளிந்திருக்கும். பிரேக் டிரம்மைக் கழற்றி உட்புறம் ஈரமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே விலை பேசுங்கள்.