நிலாவெளி வீதிக்கு எந்த ஸ்கூட்டர்?

கேள்வி: நிலாவெளியிலிருந்து தினமும் திருகோணமலை நகருக்கு வேலைக்கு வந்து போகிறேன். அரச அலுவலகம், சேலைதான் உடுப்பேன். எட்டு வயது மகளை வழியில் பள்ளிக்கூடத்தில் இறக்க வேண்டும். இப்போது ஓடுவது பழைய ஸ்கூட்டி பெப்; இனித் தாங்காது. என் உயரம் 5 அடி 1 அங்குலம். கணவர் 125 சீசீ எடு என்கிறார். தம்பி மின்சார ஸ்கூட்டர் எடுத்தால் பெற்றோல் காசு மிச்சம் என்கிறான். கையில் பாதிக் காசு இருக்கிறது, மிச்சத்துக்கு லீசிங் போடலாம் என்று யோசனை. எதை எடுக்கலாம்? பழையதை விற்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
- ஒரு வாசகி, நிலாவெளி

பதில்:

சகோதரி, கடைக்குப் போகமுன் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். பெப் 87.8 சீசீ. அதை ஓடுவதற்கென்றே லைசன்ஸ் எடுத்த பலரிடம் ‘ஏ1’ வகுப்பு மட்டும்தான் இருக்கும். அது 100 சீசீ வரைதான் செல்லும். டியோ, ஜுப்பிட்டர், ரே, என்டோர்க் என்ற ஸ்கூட்டர்கள் எல்லாமே அதற்கு மேற்பட்டவை. அவற்றுக்கு ‘ஏ’ வகுப்பு வேண்டும். பொலிஸ் மறித்தால் தண்டத்தோடு போகும். விபத்து ஒன்று நடந்தால், வகுப்புப் பொருந்தவில்லை என்று சொல்லியே காப்புறுதிக் கம்பனி கையை விரித்துவிடலாம். உங்களிடம் ‘ஏ’ இல்லையென்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் அந்த வேலையை முதலில் முடியுங்கள்.

இனி 110 ஆ, 125 ஆ என்ற வழக்கு. வீட்டிலிருந்து அலுவலகம் 15 கிலோமீற்றர் என்று வைத்தால் போக வர 30. வேலை, கடை கண்ணி எல்லாம் சேர்த்து மாதம் 24 நாள் ஓடினால் 720 கிலோமீற்றர். 110 சீசீ லீற்றருக்கு 45 ஓடினால் 16 லீற்றர் போகும். 125 சீசீ 40 ஓடினால் 18 லீற்றர். மாதத்துக்கு 2 லீற்றருக்காக வீட்டில் சண்டை வேண்டாம். உங்கள் பாதை முழுக்கச் சமதரை. நகருக்குள் உவர்மலை ஏற்றத்தைத் தவிர எஞ்சினைச் சோதிக்கும் இடம் இல்லை. பெரிய ஆள் ஒருவர் நாள்தோறும் பின்னால் ஏறுவதானால் கணவர் சொல்வது சரி. நீங்களும் எட்டு வயதுப் பிள்ளையும் என்றால் 110 தாராளம்.

உங்களுக்கு முக்கியம் கால் நிலத்தில் படுவதுதான். விளம்பரத் தாளில் போடும் இருக்கை உயரத்தை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். பெப்பின் இருக்கை 768 மில்லிமீற்றர், என்டோர்க் 770. இரண்டும் ஒன்று மாதிரித்தான் தெரியும். ஆனால் பெப்பின் இருக்கை ஒடுக்கம், மற்றதினது அகலம். அகன்ற இருக்கையில் தொடை விரிய, கால் எட்டாமல் நுனி விரல்தான் படும். எடையும் அப்படித்தான்: பெப் 95 கிலோ அளவு, என்டோர்க் 118. ரே 125 சீசீ எஞ்சின் இருந்தும் 99 கிலோதான், ஆனால் இருக்கை 785. ஆகவே வேலைக்குப் போடும் செருப்போடும் சேலையோடும் கடைக்குப் போங்கள். ஏறி இருந்து இரண்டு பாதத்தின் முன்பாதியும் நிலத்தில் படுகிறதா என்று பாருங்கள். பிறகு இறங்கி, ஒருவரும் பிடிக்காமல் நீங்களே நடு ஸ்டாண்டில் ஏற்றி இறக்குங்கள். இருந்தபடியே காலால் உந்திப் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் அடுத்த மொடலுக்குப் போய்விடுங்கள், நிறம் எவ்வளவு பிடித்திருந்தாலும். விற்பனையாளர் “ஒரு கிழமையில் பழகிவிடும்” என்பார். மகளை ஏற்றிக்கொண்டு சந்தியில் மணலில் நிற்கும்போது பழக்கம் உதவாது.

சில்லுக்கு வருவோம். பெப்புக்கு முன்னும் பின்னும் 10 அங்குலம். புதியதில் முன் சில்லாவது 12 அங்குலமாக இருக்கட்டும். சிறிய சில்லு குழிக்குள் இறங்கும் இடத்தில் பெரியது தாண்டிவிடும். வீதியோர மணலிலும் கைபிடி குறைவாக ஆடும். குழாய்க்குள் குழாய் இறங்கும் ரெலஸ்கோப்பிக் முன் ஷொக் இருந்தால் நல்லது. கச்சான் வீசும் மாதங்களில் நிலாவெளி வீதியில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். 95 கிலோ வண்டியை அது தள்ளுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்காக 118 கிலோவுக்குப் போகத் தேவையில்லை, 105 சுற்றில் ஒன்று போதும்.

கடற்கரையில் ஓடும் ஸ்கூட்டரை எஞ்சினுக்கு முன்னால் உப்புத்தான் தின்னும். கொழும்பில் இருந்து அறிவுரை சொல்பவர்கள் இதை யோசிப்பதில்லை. இப்போது வருபவை பெரும்பாலும் ரியூப் இல்லாத டயர். அந்த டயரின் விளிம்பு ரிம்மில் இறுக்கமாகப் படிந்தால்தான் காற்று நிற்கும். இரும்பு ரிம் என்றால் உப்புக்காற்றில் அந்த விளிம்பிலேயே துரு பிடித்து, ஆணி எதுவும் ஏறாமலே நாலு நாளைக்கு ஒருமுறை காற்று இறங்கும். டயர் கடைக்காரர் பஞ்சரைத் தேடிக் களைத்துப் போவார். ரிம்மைத் தேய்த்துப் பூச்சுப் போட்டால்தான் தீரும். அலோய் சில்லு உள்ள மொடலுக்குக் கொஞ்சம் கூடக் கொடுப்பது இங்கே ஆடம்பரமே இல்லை. அடுத்துத் துருப்பிடிப்பவை சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடம், ஸ்டாண்ட் ஸ்பிரிங், மிதிபலகைக்குக் கீழே உள்ள சட்டம், பிரேக் கேபிளின் முனை, பற்றரி முனைகள். வண்டி புதிதாக இருக்கும்போதே, ஒரு துளி துருவும் பிடிக்கமுன், அடிப்பகுதிக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்துக்கொள்ளுங்கள். பற்றரி முனைகளில் வசலின் பூசுங்கள். சைலன்சரிலும் பிரேக்கிலும் மட்டும் எந்தப் பூச்சும் எண்ணெயும் படக்கூடாது.

கழுவுவதிலும் ஒரு பிழை நடக்கிறது. கடலோரக் கிணறுகளில் உவர்ப்பு இருந்தால், அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பின் மேல் உப்புப் பூசுவதுதான். குழாய் நீரோ மழைநீரோ ஒரு வாளி போதும். கிழமைக்கு ஒருமுறை அடிப்பகுதிக்கு ஊற்றித் துடையுங்கள். ஈரத்தோடு பொலித்தீன் உறையால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வேர்த்துத் துரு வேகமாகும். முற்றம் மணல் என்றால் பக்க ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

டிஸ்க் பிரேக்கா டிரம் பிரேக்கா என்று கேட்பீர்கள். மழையில் டிஸ்க் சீராகப் பிடிக்கும். ஆனால் உப்பில் அதன் கலிப்பர் ஊசிகள் இறுகும்; ஒவ்வொரு சேர்விஸிலும் கழற்றிக் கிறீஸ் வைக்க வேண்டும். உங்கள் வேகத்துக்கும் எடைக்கும் முன், பின் சில்லு இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் கொம்பி பிரேக் உள்ள டிரம்மே போதும். ஹெட்லைட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நிலாவெளி வீதியில் இரவில் மாடு படுத்திருக்கும், நகருக்குள் மான் குறுக்கே வரும். சில பழைய வடிவமைப்புகளில் அக்சிலேட்டரை விட்டதும் வெளிச்சம் மங்கும். கடையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முறுக்காமல் விட்டுப் பாருங்கள்.

மொடல் இரண்டு மூன்றாகச் சுருங்கியதும், காசு கட்டமுன் நகரில் உள்ள உதிரிப்பாகக் கடைகளில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பிரேக் ஷூ, டிரைவ் பெல்ட், ரோலர், எயர் ஃபில்டர், கண்ணாடி, முன்பக்கப் பிளாஸ்டிக் ஆகிய ஆறும் கையில் இருக்கிறதா, என்ன விலை என்று கேளுங்கள். “கொழும்பிலிருந்து எடுத்துத் தரலாம்” என்ற பதில் மூன்று தடவை வந்தால் அந்த மொடல் உங்களுக்கு வேண்டாம். இன்ஜெக்‌ஷன் வண்டி (காபரேட்டருக்குப் பதில் மின்முறையில் பெற்றோல் தெளிப்பது) என்றால் கோளாறை வாசிக்கும் கருவி இங்குள்ள சேர்விஸ் நிலையத்தில் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இன்ஜெக்‌ஷன் வண்டி பெற்றோலை மிச்சம் பிடிக்கும், காலையில் ஒரே தட்டில் எழும்பும். ஆனால் பற்றரி முழுதாகச் செத்தால் கிக் அடித்தும் எழும்பாது. பெற்றோலை அடிமட்டத்துக்கு ஓடவும் விடக்கூடாது; தாங்கிக்குள் இருக்கும் பம்ப் பெற்றோலில் மூழ்கித்தான் குளிர்கிறது.

தம்பியின் யோசனையைக் கணக்கால் பார்ப்போம். 72 வோல்ட் 20 ஆம்பியர்-மணி ஈய அமில பற்றரி என்றால் 1.44 கிலோவாட்-மணி. கிலோமீற்றருக்கு 35 முதல் 40 வாட்-மணி இழுத்தால் புதிதில் 36 முதல் 41 கிலோமீற்றர் ஓடும். உங்களுக்கு நாளுக்கு 30 தேவை. ஈய பற்றரி தேயத் தேய அந்த மிச்சம் கரைந்து, வீடு வரும் வழியில் நிற்பீர்கள். லித்தியம் பற்றரியும் கூடுதல் கொள்ளளவும் இருந்தால் கதை வேறு, விலையும் வேறு. நகருக்குள்ளேயே சுற்றும் ஒருவருக்கு மின்சாரம் பொருந்தும். எதுவானாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய முடியாத மின்சார ஸ்கூட்டரை மலிவு என்று எடுக்க வேண்டாம். வீதியில் ஓட்ட முடியாது, காப்புறுதியும் கிடைக்காது.

காசு விஷயம். லீசிங்காரர் சொல்லும் வட்டி வீதத்தைக் கேட்காதீர்கள். மாதத் தவணையை மாதங்களால் பெருக்குங்கள். ஓர் உதாரணம்: 4 இலட்சம் கடன், மாதம் 16,000 ரூபாய், 36 மாதம். மொத்தம் 5,76,000. வட்டி 1,76,000. வருடத்துக்கு 14.7 வீதம் என்று காட்டுவார்கள். கடன் முதல் குறைந்துகொண்டு வருவதைக் கணக்கிட்டால் உண்மையில் 25 வீதத்துக்கு மேல். நீங்கள் அரச ஊழியர். இடர்க் கடன் இன்னும் எடுக்காமல் இருந்தால், பிணைக்கு ஆள் தேடும் அலைச்சல் இருந்தாலும் அதையே முதலில் கேளுங்கள். வட்டி லீசிங்குக்குக் கிட்டவும் வராது. லீசிங்தான் என்றால் முன்கூட்டியே கட்டி முடித்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டிக்கு ஒரு சதமும் தராது, களவு போனாலும்தான். முதல் மூன்று வருடமாவது முழுக் காப்புறுதி வையுங்கள். பதிவுக் கட்டணம், நம்பர் பிளேட், முதல் வருட வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை சொன்ன விலைக்குள் அடங்குமா என்று பற்றுச்சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள்.

2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் திறந்தது. அந்தப் பஞ்சத்தில் பழைய ஸ்கூட்டர்களின் விலை ஏறிப்போனதால், வருடக்கணக்கில் ஓடியதை அந்த ஏறிய விலைக்கு வாங்குவதில் இலாபமில்லை. புதிது என்று முடிவெடுத்தது சரி. ஆனால் புதிது என்பதையும் சரிபாருங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் ஒரு நீள்வட்டத்துக்குள் இருக்கும்: 2324 என்றால் 2024 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரம். நீண்ட நாள் கிடங்கில் நின்ற வண்டி என்றால் புதுப் பற்றரி கேளுங்கள். செசி, எஞ்சின் இலக்கங்களைக் கடதாசியோடு ஒப்பிட்டு, இரண்டு திறப்பையும் கைநூலையும் வாங்கிக்கொள்ளுங்கள். சேலைக் காவல் கம்பியையும் அங்கேயே பூட்டச் சொல்லுங்கள். மகளுக்கு அவளுடைய தலை அளவிலேயே எஸ்.எல்.எஸ். முத்திரை உள்ள தலைக்கவசம் வேண்டும். உங்களுடையதைக் கொடுத்தால் கழன்று போகும். அவளின் கால் பின் மிதியில் எட்டாவிட்டால் தொங்கவிட்டு ஏற்றாதீர்கள். முன்னால் நிற்கவைப்பதும் வேண்டாம்.

முதல் ஆயிரம் கிலோமீற்றர் உங்களுக்கு ஒன்றரை மாதத்துக்குள் ஓடிவிடும். நேர் வீதியில் ஒரே முறுக்கில் பிடித்துக்கொண்டு போகாமல், 30க்கும் 50க்கும் இடையில் வேகத்தை மாற்றி மாற்றி ஓடுங்கள். முதல் சேர்விஸைத் தவறவிட்டால் உத்தரவாதம் பற்றிக் கம்பனி பேசவே வராது. ஒயில் மாற்றும்போது போத்தலில் ஸ்கூட்டர் ஒயிலுக்கான தரக்குறி ‘ஜாசோ எம்பி’ (JASO MB) இருக்கிறதா பாருங்கள். ‘எம்ஏ’ கியர் மோட்டார் சைக்கிளுக்கானது. எஞ்சின் ஒயிலோடு பின் சில்லருகே கியர் ஒயில் என்று தனியாக ஒன்று உண்டு, அதைப் பல கராஜ்களில் மறந்துவிடுவார்கள். டிரைவ் பெல்ட்டை 20,000 தாண்டியதும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு அது மூன்றாம் வருடம். கார்த்திகை, மார்கழி மழையில் மிதிபலகையைத் தொடும் அளவுக்குத் தண்ணீர் நின்றால் இறக்காதீர்கள். எஞ்சின் தண்ணீரில் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டு போங்கள். உள்ளே தண்ணீர் போயிருந்தால் ஒரு ஸ்டார்ட்டிலேயே பிஸ்டனோடு சேரும் கொனெக்டிங் ரொட் வளைந்துவிடும்.

பழைய பெப்பை விற்கும்போது திகதி போடாத உரிமை மாற்றப் படிவத்தில் கையொப்பம் வைத்துக் கொடுக்காதீர்கள். ‘ஓப்பின் பேப்பர்’ என்று கேட்பார்கள். தரகர்களுக்கு அது வசதி. வாங்கியவர் அடுத்த நாள் யாரையாவது மோதினால் பொலிஸ் உங்கள் வாசலுக்குத்தான் வரும். வாங்குபவரின் அடையாள அட்டைப் பிரதி, விற்ற திகதி, கையளித்த நேரம், இரு தரப்புக் கையொப்பம் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். உரிமை மாற்றியதை நீங்களும் திணைக்களத்துக்கு அறிவித்து, அந்தப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள்.