முதல் நகர்த்தலிலேயே ராணியை வெட்டும் குதிரை

வணக்கம். பைத்தான் நிரல்மொழியில் நீங்கள் எழுதும் செஸ் எஞ்சினில் (செஸ் ஆடும் நிரலில்), பி1-இல் இருக்கும் வெள்ளைக் குதிரை முதல் நகர்த்தலிலேயே டி8 ராணியை வெட்டுகிறது என்றிருந்தீர்கள். சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நானும் இதே குழியில் விழுந்தவன்தான்.

பலகை 64 இட லிஸ்ட் (பட்டியல்), ஏ1 என்பது 0, அங்கிருந்து வரிசை வரிசையாக எண் ஏறும். அப்படியானால் பி1 என்பது 1. குதிரைத் தாவல்களில் ஒன்று -6 (வலப்பக்கம் இரண்டு கட்டம், கீழே ஒரு வரிசை: 2-8). ஆக 1-6 = -5. பைத்தானில் -5 என்றால் பிழை இல்லை, கடைசியிலிருந்து ஐந்தாவது இடம். அங்கேதான் ராணி உட்கார்ந்திருக்கிறாள்!

பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் ஒரு இஃப் நிபந்தனை போட்டால் ராணி பிழைப்பாள். ஆனால் ஜி1 குதிரை (6+10=16) பலகையைச் சுற்றி ஏ3-க்குப் போய்விடும்.

அதனால் 10 பத்தி, 12 வரிசை என்று 120 இட லிஸ்டாக மாற்றி, சுற்றிலும் வேலி போடுங்கள், அதாவது பலகைக்கு வெளியே உள்ள இடங்களில் 'செல்லாது' என்று ஒரு குறி வையுங்கள். ஏ1 இப்போது 21, எச்8 98. குதிரைத் தாவல்கள் ±8, ±12, ±19, ±21. 21-21=0, 98+21=119; லிஸ்டை விட்டு வெளியே போகவே முடியாது. வேலியில் விழுந்தால் அந்த நகர்த்தலைத் தள்ளிவிடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் தொடக்க நிலையிலிருந்து எத்தனை விதமாக நகர்த்தலாம் என்று எண்ணிப் பாருங்கள்: ஆழம் (இரு பக்கமும் மாறி மாறி ஆடும் நகர்த்தல்களின் எண்ணிக்கை) 1 முதல் 4 வரை 20, 400, 8902, 197281 வரவேண்டும். கேஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது) ஆழம் 7-இல்தான் தலைகாட்டும், அதை வேறு நிலையில் தனியாகச் சோதியுங்கள்.

வேகத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பலகையை முழுதாக நகலெடுக்கும் டீப்காப்பி இருந்தால், அதை மட்டும் தூக்கிவிட்டு, நகர்த்திய காயைத் திரும்ப வைக்கும் ஃபங்ஷன் எழுதுங்கள்.