வயிறு முந்தும், மனசு பிந்தும்

கேள்வி: என் கணவருக்கு வயது 46, பஸ் டிரைவர். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு வாசல்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். சாப்பாடு, பேச்சு எல்லாம் குறைந்துவிட்டது. மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராம் 10, குளோனசெபம் 0.25 என்று இரண்டு மாத்திரை எழுதினார். ஐந்து நாளாகிறது. மனசு தேறவில்லை, குமட்டலும் படபடப்பும்தான் மிச்சம். "இதெல்லாம் தூக்க மாத்திரை, பழகினால் விடாது" என்று கொழுந்தனார் பயமுறுத்துகிறார். நிறுத்திவிடலாமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம் அம்மா. எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இன்றைக்கே குமட்டலையும் படபடப்பையும் சொல்லுங்கள். சிலருக்கு முதல் வாரம் பாதி மாத்திரையாகக் குறைத்துவிட்டுப் பிறகு ஏற்றுவோம்.

செரட்டோனின் என்பது நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் ரசாயனம். அது என்றாலே மூளை என்று நினைக்கிறோம். உடம்பில் உள்ளதில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. நரம்பு முனை வெளியே விட்ட செரட்டோனினைத் தானே திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் அந்த வாசலை அடைக்கிறது. முதல் மாத்திரையிலேயே, சில மணி நேரத்தில் இது நடந்துவிடும். குடல் அதை உடனே காட்டிக் கொடுக்கும். நானும் இந்த வகை மாத்திரை விழுங்கியவள்தான், என் வீட்டுக்காரர் இறந்த மறு வருடம். முதல் வாரம் பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கிற வாசம் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவேன். எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ அது போய்விட்டது. மனசு லேசாக இன்னும் பத்து நாள் பிடித்தது.

ஏன் இந்தத் தாமதம்? வெளியே செரட்டோனின் கூடியதும், அதைச் சுரக்கும் செல்களே உஷாராகி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்தக் கடிவாளம் தளர இரண்டு மூன்று வாரமாகிறது. அதைத் தொடர்ந்து நரம்புச் செல்களுக்குள் நடக்கும் மாற்றங்களும் மெதுவானவை. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். 'மூளையில் செரட்டோனின் குறைந்ததால்தான் மனச்சோர்வு நோய்' என்று நாங்களே வருஷக்கணக்கில் நோயாளிகளிடம் சொல்லிவந்தோம். அது நிரூபணமான விஷயமல்ல. சுக்குப் பற்றுப் போட்டுத் தலைவலி போனால், உடம்பில் சுக்கு குறைந்திருந்தது என்றா அர்த்தம்? முதல் மனச்சோர்வு மருந்தே தற்செயலாகக் கிடைத்ததுதான். 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் காசநோயாளிகளுக்கு இப்ரோனியசிட் கொடுத்தார்கள். படுத்த படுக்கையாக இருந்தவர்கள் உற்சாகமாகிவிட்டார்கள். காரணம் தேடியது அப்புறம்தான்.

கொழுந்தனார் சொன்னது பாதி சரி. இரண்டு அட்டையையும் மேசைமேல் வையுங்கள். பழக்கமாகக்கூடியது, பதற்றத்தைக் குறைத்துத் தூக்கம் தரும் குளோனசெபம். அதை இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் கொடுப்போம். மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்கக் கூடாது. அதைப் போடும் நாட்களில் அவர் ஸ்டியரிங் பிடிக்க வேண்டாம். மெடிக்கல் லீவு போடச் சொல்லுங்கள்.

எஸ்சிட்டலோபிராம் போதை தராது, டோஸ் கூட்டிக் கூட்டிக் கேட்கவும் கேட்காது. ஆனால் திடீரென்று விட்டால் உடம்பு சண்டை போடும். ஒரு முறை காரைக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது என் டப்பாவை மதுரையிலேயே விட்டுவிட்டேன். எனக்குக் கொடுத்தது பராக்ஸிடின், உடம்பைவிட்டுச் சீக்கிரம் வெளியேறுகிற ரகம். மூன்றாம் நாள் பந்தியில் உட்கார்ந்து, பரிமாறுகிறவரைப் பார்க்கக் கண்ணைத் திருப்பினால் மண்டைக்குள் சரக்கென்று கரண்ட் அடித்த மாதிரி. மாத்திரை போட்டதும் அடங்கிவிட்டது. மாணவர்களுக்கு இந்த மருந்தைப் பற்றி வகுப்பெடுத்தவளுக்கே இந்தக் கதி! குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டு, டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை வராது.

டிரைவர் என்பதால் ஒன்று கேட்கிறேன். இடுப்பு வலிக்கு டைக்ளோஃபினாக் போடுவாரா? ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கும் செரட்டோனின் தேவை, எஸ்சிட்டலோபிராம் அதை அவற்றுக்குள் போகவிடாது. அதோடு டைக்ளோஃபினாக்கும் சேர்ந்தால் இரைப்பையில் ரத்தக்கசிவு வர வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போனால் தாமதிக்காதீர்கள். டிரமடால் கலந்த வலி மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். தூக்கமே இல்லாமல் ஓயாத பேச்சும் வரம்பில்லாத உற்சாகமும் வந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

கேள்வி: மனச்சோர்வு மாத்திரை தொடங்கியதிலிருந்து தாம்பத்தியத்தில் நாட்டமே இல்லை. டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, வெளியில் சொல்லாமலே மாத்திரையை விட்டவர்கள் நிறையப் பேர். இது இந்த மருந்தின் வேலைதான், உங்கள் குறையில்லை. விந்து முந்துகிறவர்களுக்கு, அதைத் தாமதப்படுத்தும் இதன் குணத்தை மருந்தாகவே பயன்படுத்துகிறோம். டோஸைக் குறைக்கலாம், மிர்டசாபைன், புப்ரோபியான் போன்றவற்றுக்கு மாற்றலாம். வாயால் சொல்ல வராவிட்டால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி பன்னிரண்டு நாளில் தள்ளாடுகிறார், பேரனின் பெயரை மாற்றிச் சொல்கிறார். வயசானால் அப்படித்தான் என்கிறார்கள்.
– வாசகர், தென்காசி

பதில்: பன்னிரண்டு நாளில் யாருக்கும் வயசாகிவிடாது. இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டி ரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்தைப் பாருங்கள். 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். இந்த மாத்திரைகள் வயதானவர்களின் உடம்பில் தண்ணீரைத் தேக்கி வைக்கும், உப்பு நீர்த்துப்போகும். பிரஷருக்கு, சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடோ குளோர்தாலிடோனோ சேர்ந்திருந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். மிகவும் இறங்கினால் வலிப்பு வரும். வீட்டில் உப்புக் கரைத்துக் கொடுத்துப் பார்க்காதீர்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.