சாயும் பயிர், வளையும் தண்டு: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, செடி ஏன் ஒரு பக்கமாகச் சாய்கிறது, ஏன் வளைகிறது, எப்போது நிமிரும் என்பதைப் பற்றியவை. விடை எழுத உட்காரும்போதெல்லாம் ஒரே குறை எதிர்ப்படுகிறது. செடியின் வயது என்ன, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து விழுகிறது, வளைவு எந்தப் பக்கம் நோக்கியது என்ற மூன்று செய்திகள் கடிதத்தில் இருப்பதில்லை. இவை இல்லாமல் எழுதும் விடை பாதி விடையாகத்தான் இருக்கும். அடுத்த முறை எழுதுபவர்கள் இவற்றைத் தவறாமல் குறிப்பிட வேண்டும்.

கேள்வி (வலங்கைமான்): குறுவை கதிர் வந்து நிற்கிறது. இரண்டு நாள் மழையில் பாதி வயல் படுத்துவிட்டது. தானே எழுமா, தூக்கிக் கட்ட வேண்டுமா?

பதில்: கதிர் வந்து நிற்கிறது என்றால் பூக்கும் நாளா, பால் பிடிக்கும் நாளா, அறுப்புக்கு ஒரு வாரம் இருக்கும் நாளா? விடை முழுவதும் இதைப் பொறுத்தே மாறும் என்பதால் மூன்றுக்கும் எழுதுகிறேன்.

நெல்லின் தண்டில் கணுக்கள் உள்ளன. ஒவ்வொரு கணுவிலும் இலையுறையின் அடிப்பகுதி சற்றுத் தடித்திருக்கும். அந்தத் தடிப்பிலுள்ள உயிரணுக்களில் மாவுமணிகள் இருக்கின்றன. தண்டு படுத்தவுடன் அம்மணிகள் உயிரணுவின் கீழ்ப்பக்கச் சுவரில் போய்ப் படிய, ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருளும் தண்டின் கீழ்ப்பக்கத்தில் மிகுதியாகச் சேர்கிறது. அதனால் கீழ்ப்பக்கம் நீண்டு தண்டு மேல்நோக்கி வளைகிறது. படுத்த பயிரில் ஒன்றை நான்கு நாள் கழித்துப் பிடுங்கி, கணுவை விரலால் தடவிப் பாருங்கள். கீழ்ப்பக்கம் புடைத்தும் மேல்பக்கம் ஒடுங்கியும் இருப்பது கைக்குத் தெரியும். ஒரே கணு பயிரை முழுவதுமாக நிமிர்த்திவிடாது. இரண்டு மூன்று கணுக்கள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டு நுனியை மேலே கொண்டுவரும். கணுவில் உயிரும் இளமையும் உள்ளவரைதான் இது நடக்கும். ஆகவே பூக்கும் முன்னரோ பூக்கும் தறுவாயிலோ படுத்த பயிரின் நுனி பெரும்பாலும் தானே எழும். பால் பருவத்தில் படுத்தது ஓரளவு எழும். மணி முற்றிய பிறகு படுத்தது எழவே எழாது. அந்நிலையில் தண்ணீரை முழுவதும் வடித்து, கதிர் நீரில் கிடந்து முளைத்துவிடுவதற்குள் அறுவடைக்கு வழி தேடுங்கள்.

இளம் பயிரைத் தூக்கி நிமிர்த்தப் பத்துப் பேரை வயலில் இறக்குவது கூடாது. வளையத் தொடங்கிய கணு மிக எளிதில் ஒடியும். ஒடிந்த கணுவுக்கு மேலே பால் ஏறாது. மிகவும் தேவையென்றால் வரப்போரத்திலிருந்து எட்டும் தூரத்தில் நான்கைந்து குத்துகளை ஒன்றாகச் சேர்த்துத் தளர்வாகக் கட்டலாம். அடுத்த பட்டத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். நெருக்கி நட்ட பயிருக்குள் விழும் வெளிச்சத்தின் தன்மையே வேறு. சிவப்பொளியை மேலிலைகள் உறிஞ்சிவிட, எஞ்சிய தூரச் சிவப்பொளியை (சிவப்புக்கு அடுத்து, கண்ணுக்கு அரிதாகவே தெரியும் ஒளி) உணரும் பயிர், நிழலிலிருந்து தப்பும் முயற்சியில் கணுவிடையை நீட்டித் தண்டை மெலிதாக்குகிறது. அதன்மேல் யூரியாவையும் கூட்டினால் சாயாமல் என்ன செய்யும்?

கேள்வி (பாபநாசம்): சம்பாவுக்கு விட்ட பாய் நாற்றங்காலில் நாற்று முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து வளர்கிறது. நோயா?

பதில்: நோயில்லை, ஒளிச்சார்பசைவு, அதாவது வெளிச்சத்தை நோக்கி வளைதல். எந்தப் பக்கம் சாய்கிறது, எதிர்ப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதவில்லை. பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில் வீட்டுச் சுவரோ தென்னந்தோப்போ இருக்கும். புல்லின முளையின் நுனி நீல ஒளியை உணர்கிறது. உணர்ந்த செய்தி கீழே இறங்கி, வளைவு நுனிக்குச் சற்றுக் கீழே நிகழ்கிறது. நுனிக்கு மூடி போட்டால் முளை வளைவதில்லை என்பதைச் சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிசும் 1880-இலேயே நூலாக எழுதிவிட்டார்கள். சாய்வு மட்டும் இருந்து இலை பச்சையாக இருந்தால் கவலை வேண்டாம், நட்டபின் நேராகிவிடும். வெளுத்து நீண்டிருந்தால் நிழல் மிகுதி. அடுத்த முறை திறந்தவெளியில் விடுங்கள்.

கேள்வி (திருவையாறு): வாழைத்தார் கீழே தொங்க, காய்கள் மட்டும் மேல்நோக்கி வளைவது ஏன்?

பதில்: தாரின் காம்பு தன் எடையாலும் வளரும் முறையாலும் கீழே தொங்குகிறது. ஒவ்வொரு காயும் புவியீர்ப்புக்கு எதிராகத் திரும்பி வளர்வதால் சீப்பு மேல்நோக்கி வளைகிறது. சில இரகங்களில் வளைவு மிகுதி, சிலவற்றில் குறைவு. வளைவு குறைந்த காய் கெட்ட காய் என்று எண்ணிக் கழிக்காதீர்கள்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): ஆடி மாதத்தில் எங்கள் பருத்தியின் நுனிகள் திடீரென்று முறுக்கிக்கொண்டு வளைந்தன. புது இலைகள் வெண்டை இலை போலக் கிழிந்து குறுகின. மேற்கே குறுவை வயல், தெற்கே வேப்பமரம். வேப்பமர நிழலால் வெளிச்சம் தேடி வளைகிறது என்றார் பக்கத்து வயல்காரர். கடையில் வளர்ச்சி ஊக்கி அடிக்கச் சொன்னார்கள். அடித்தும் தேறவில்லை.

பதில்: திசையையும் மாதத்தையும் குறித்து எழுதியதற்கு நன்றி, அதனாலேயே உறுதியாகச் சொல்ல முடிகிறது. இதற்கும் வேப்பமர நிழலுக்கும் தொடர்பில்லை. வெளிச்சம் தேடும் செடி ஒரே திசையில் சீராக வளையும். இலையின் வடிவம் மாறாது. முறுக்கிக்கொண்டு, புது இலை விரல் விரலாகக் குறுகி, நரம்புகள் நெருங்கி இணைகோடுகளாக ஓடினால், அது 2,4-டி களைக்கொல்லியின் வேலை. மேற்கேயுள்ள குறுவையில் கோரைக்கும் அகன்ற இலைக் களைக்கும் அடித்த மருந்து உங்கள் பருத்திக்கு வந்திருக்கிறது.

இதைச் சற்று விரித்தே எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வோர் ஆண்டும் ஆனியிலும் ஆடியிலும் இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. செடி வெளிச்சத்தை நோக்கி வளைவதும், படுத்த நெல் எழுவதும், வேர் கீழே போவதும் ஆக்சின் ஒரு பக்கம் சற்றுக் கூடி, மறுபக்கம் சற்றுக் குறைவதால் நிகழ்பவை. 1926-இல் நெதர்லாந்தின் உட்ரெக்டில் பிரிட்ஸ் வென்ட், ஓட்ஸ் முளையின் நுனியை வெட்டிக் கடற்பாசிக் கூழின்மேல் வைத்து, அந்தக் கூழில் இறங்கிய பொருளே முளையை வளைக்கிறது என்று காட்டினார். மிக நுண்ணிய அளவிலேயே வேலை செய்யும் பொருள் அது. செடி அதனை ஓரிடத்தில் உண்டாக்கி, ஓரிடத்துக்கு அனுப்பி, வேலை முடிந்ததும் சிதைத்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் உருவான 2,4-டி, ஆக்சினைப் போலவே செடிக்குள் வேலை செய்யும் செயற்கைப் பொருள். செடியால் அதனை எளிதில் சிதைக்க முடிவதில்லை. எங்கும் ஒரே நேரத்தில் ஆக்சின் மிகுந்தால் எந்தப் பக்கம் நீள்வது என்ற ஒழுங்கு குலைந்து, தண்டு முறுக்கிக்கொள்ளும். நெல் உள்ளிட்ட புல்லினங்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பருத்தியோ இதற்கு மிக மிக மென்மையான பயிர்; தெளிப்பானில் ஒட்டியிருந்த மிச்சமே போதும். உளுந்து, பயறு, தக்காளி, கத்தரி, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து உண்டு.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று தெரிந்த ஊரில், காற்று வீசும் பிற்பகலில், நுண்திவலை பறக்கும் முனையை மாட்டிக்கொண்டு 2,4-டி தெளிப்பது அண்டை வயலின் மகசூலை அழிப்பதற்குச் சமம். அம்மாதங்களில் காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவதால் கிழக்கேயுள்ள வயல்தான் பாதிக்கப்படும். தெளிப்பதானால் காற்றோட்டம் அடங்கிய விடியற்காலையில், பெரிய திவலை விழும் முனையைப் பூட்டி, வரப்போரத்தில் நான்கைந்து மீட்டர் விட்டுத் தெளிக்க வேண்டும். 2,4-டி-யில் எஸ்டர் என்னும் வகை வெயிலில் ஆவியாகியும் பரவும். பருத்தி நிற்கும் பகுதியில் அதை வாங்கவே வேண்டாம். களைக்கொல்லிக்கென்று தனித் தெளிப்பான் வைத்திருங்கள். அதற்கு வழியில்லையென்றால் சலவைச் சோடா கரைத்த நீரை ஊற்றி, குழாயும் முனையும் உட்பட மூன்று முறை கழுவுங்கள். கழுவிய நீரை வாய்க்காலில் விடாதீர்கள். கீழ்மடைக்காரருக்கும் பயிர் இருக்கிறது. டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டைப் படியுங்கள் என்று இங்கே எத்தனை முறை எழுதினாலும், மருந்தின் பெயரே தெரியாமல் "நீல மூடி போட்டது" என்று எழுதுகிறவர்கள் குறையவில்லை. இது வருத்தத்துக்குரியது.

இனி உங்கள் பருத்திக்கு வருவோம். நீங்கள் அடித்த வளர்ச்சி ஊக்கி, பருத்தியில் சப்பை (பூமொட்டு) உதிராமலிருக்கத் தரப்படும் நாப்தலின் அசிட்டிக் அமில வகையாக இருக்கலாம். அதுவும் ஓர் ஆக்சின்தான். ஆக்சின் மிகுந்து தவிக்கும் செடிக்கு மேலும் ஆக்சின் தருவது எவ்வகையிலும் மருந்தாகாது. வேறு எதையும் தெளிக்காமல், ஈரம் குறையாமல் பாசனம் கொடுத்துக் காத்திருங்கள். பாதிப்பு இலேசானதென்றால் சில வாரங்களில் நல்ல இலை வரும். குறுகிய பழைய இலைகள் மாறமாட்டா. மேற்கு வயல்காரரோடு சண்டையிடுவதைவிட, அடுத்த பட்டத்துக்கு முன் இருவரும் அமர்ந்து தெளிக்கும் நாளைப் பேசி முடிவு செய்துகொள்வது பயன் தரும்.

கேள்வி (பேராவூரணி): கஜா புயலில் சாய்ந்த எங்கள் தென்னைகள் இன்னும் நேராகவில்லை. கயிறு கட்டி இழுக்கலாமா?

பதில்: வேண்டாம். பூவரசு போன்ற மரங்கள் சாய்ந்தால் ஆண்டுதோறும் புதுக் கட்டையைச் சேர்த்து அடிமரத்தையே மெல்ல இழுத்துக்கொள்ளும். தென்னைக்கு அப்படிக் கட்டை சேர்க்கும் வளர்படலம் இல்லை. அது ஒருமுறை உருவாக்கிய தண்டு அப்படியேதான் இருக்கும். குருத்து மட்டுமே புவியீர்ப்பை உணர்ந்து மேல்நோக்கித் திரும்பும். உங்கள் மரத்தில் வளைவுக்குக் கீழேயுள்ள பகுதி 2018 நவம்பருக்கு முன் வளர்ந்தது. மேலே நேராக நிற்பது அதற்குப் பின் வளர்ந்தது. குருத்து நிமிர்ந்து குலை தள்ளினால் மரம் தேறிவிட்டது. இழுத்தால் பிழைத்த வேரும் அறும். வாய்க்கால் கரையிலுள்ள தென்னை நீரின் பக்கம் சாய்வதைப் பற்றிக் கேட்டவருக்கும் இதுவே விடை: அங்கே வெளிச்சமும் திறந்தவெளியும் மிகுதி, கரை மண்ணும் அரிக்கிறது.

கேள்வி (முத்துப்பேட்டை, பள்ளி மாணவி): வேர் கீழே போகும் என்று படித்தோம். அலையாத்திக் காட்டில் வேர்கள் சேற்றிலிருந்து மேலே குத்திட்டு நிற்கின்றனவே?

பதில்: நல்ல கேள்வி. அலையாத்தி மரத்தின் பெருவேர்கள் சேற்றுக்குள் கிடையாக ஓடுகின்றன. அவற்றிலிருந்து கிளைக்கும் சில வேர்கள் புவியீர்ப்புக்கு எதிராக வளர்கின்றன. சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு. பென்சில் பருமனுள்ள அவ்வேர்களின் தோலிலுள்ள நுண்துளைகள் நீர் வடிந்த நேரத்தில் காற்றை உள்ளே எடுக்கின்றன. இவற்றுக்குச் சுவாச வேர்கள் என்று பெயர். பார்க்கப் போகும்போது மிதித்து ஒடிக்காதீர்கள்.

கேள்வி (மயிலாடுதுறை): புடலை, பீர்க்கு விதைகளை எந்தப் பக்கம் வைத்து ஊன்ற வேண்டும்? தலைகீழாக ஊன்றினால் முளைக்காது என்று ஒருவர் காணொளியில் சொல்கிறார்.

பதில்: முளைக்கும். வேர்நுனி மூடியிலுள்ள மாவுமணிகள் கீழ் எது என்று காட்டிவிடும். தாமஸ் நைட் 1806-இல் நீர்ச்சக்கரத்தில் விதைகளைக் கட்டிச் சுழலவிட்டபோது, வேர்கள் சக்கரத்தின் வெளிப்புறம் நோக்கியும் தண்டுகள் நடுவை நோக்கியும் வளர்ந்தன. விதை எப்படிக் கிடந்தது என்பது பொருட்டாகவே இல்லை. ஆழத்தைக் கவனியுங்கள், ஒரு அங்குலம் போதும்.

கேள்வி (கும்பகோணம்): மாடியிலுள்ள சூரியகாந்தி மொட்டாக இருந்தபோது வெயிலோடு திரும்பியது. பூத்தபின் கிழக்கே பார்த்து நின்றுவிட்டது. ஏதேனும் குறையா?

பதில்: குறையில்லை. வளரும் தண்டுதான் திரும்பும், வளர்ச்சி நின்றால் திரும்புதலும் நின்றுவிடும். கிழக்கு நோக்கிய பூ காலையில் விரைவில் சூடேறுவதால் தேனீக்கள் அதை நாடி வருகின்றன.

கேள்வி (நன்னிலம்): சாலை விளக்கை ஒட்டிய சம்பா மட்டும் கதிர் தள்ளத் தாமதிக்கிறது. வெளிச்சம் நல்லதுதானே?

பதில்: இது வளைவைப் பற்றிய கேள்வியன்று, இரவின் நீளத்தைப் பற்றியது. சம்பாப் பட்டத்தின் பழைய நீண்டகால இரகங்கள் பலவும் இரவு நீண்டால்தான் பூக்கும். விளக்கு அந்த இரவை அவற்றுக்குக் குறைத்துவிடுகிறது. வயல்பக்கம் வெளிச்சம் விழாதபடி விளக்குக்கு மறைப்புக் கேட்டு ஊராட்சிக்கு எழுதுங்கள்.

கேள்வி (ஒரத்தநாடு): நிலக்கடலை நன்றாகப் பூக்கிறது, காய் குறைவு.

பதில்: வயது எழுதவில்லை, மண்ணும் எழுதவில்லை. பூவுக்குப் பின் இறங்கும் விழுது, தண்டுப் பகுதியிலிருந்து பிறந்தும் வேரைப் போலக் கீழ்நோக்கியே வளரும். மண்ணுக்குள் இருள் கிடைத்த பிறகுதான் அதன் நுனி கிடையாகத் திரும்பிக் காய் பருக்கும். ஒரு சாணுக்கு மேல் உயரத்திலுள்ள பூவின் விழுது மண்ணை எட்டாமலே காய்ந்துவிடும். ஆகவே 40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு ஒன்றரைக் குவிண்டால் அளவு ஜிப்சம் இட்டு, கொத்தி, மண் அணைத்துவிடுங்கள். விழுது இறங்கியபின் களைக்கொட்டை உள்ளே விடாதீர்கள். அறுந்த விழுது மீண்டும் இறங்காது.