அம்மா அடித்து அனுப்பும் எழுத்து

கேள்வி: சென்னையில் கிராஃபிக் டிசைன் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சிவகாசி. பனை மரம் பற்றி ஐந்து போஸ்டர்கள் செய்ய வேண்டும். சுவிட்சர்லாந்தில் வளர்ந்த, கட்டங்களுக்குள் எழுத்தை ஒழுங்காக நிறுத்தும் ஸ்விஸ் ஸ்டைல் போஸ்டர்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். மணிக்கணக்கில் பின்டரெஸ்டில் தேடி கலர், படம், லேஅவுட் எல்லாம் முடிவு செய்துவிடுவேன். கடைசியில் எழுத்தை வைக்கும்போதுதான் எல்லாம் கெட்டுப்போகிறது. தமிழ் வாசகங்களை அம்மா ராத்திரி வேலை முடிந்து வந்து வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்புவார் (இப்போது ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார், முன்பு அச்சகத்தில் டிடிபி வேலை பார்த்தவர்). அதை காப்பி செய்து ஒட்டிவிடுவேன். "எழுத்து தனியாக நிற்கிறது" என்கிறார் ஆசிரியர். போஸ்டர்களை மதிப்பிடும் ஜூரிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. எனக்கு கிரியேட்டிவிட்டியே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. படிப்பை விட்டுவிடலாமா?

பதில்:

மகளே,

ஐடியா வரவில்லை, படிப்பை விடலாமா என்று கேட்டு வரும் கடிதங்களை நிறையப் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் இப்படித்தான், இரண்டு நாள் ஓய்வெடு, தானாக வரும் என்றெல்லாம் உனக்குச் சொல்லப்போவதில்லை. நீ அடைப்புக்குறிக்குள் தள்ளிவிட்ட ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. உன் அம்மா டிடிபி வேலை பார்த்தவர்.

அது என்ன வேலை என்று என்றைக்காவது அவரிடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறாயா? ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொள். கசங்கிய தாளில் யாரோ கிறுக்கிக்கொண்டு வந்து கொடுப்பார்கள். குலதெய்வம், தாத்தா பாட்டி பெயர், மணமக்கள், முகூர்த்த நேரம், மண்டபம், தாய்மாமன் பெயர் என்று அத்தனையும் ஒரே அட்டைக்குள் அடங்க வேண்டும். எது பெரிதாக வரும், எது பொடியாக வரும், வரியை எங்கே உடைத்தால் பெயர் இரண்டாகப் பிளக்காது, எங்கே இடம் விட வேண்டும் என்பதையெல்லாம் டிடிபி போடுகிறவர்தான் முடிவு செய்வார். அப்புறம் புரூஃப் பார்த்துத் திருத்துவார். நேரத்தில் ஒரு எண் தப்பினால் அச்சடித்த கட்டு மொத்தமும் வீண். கல்லூரியில் டைப்போகிராஃபி என்ற பெயரில் நீ பணம் கட்டிப் படிப்பதும் இதே வேலையைத்தான். அந்த வேலை தெரிந்தவரை நீ தட்டச்சு செய்து தரும் ஆளாக மட்டும் வைத்திருக்கிறாய்.

ஸ்விஸ் ஸ்டைல் பிடிக்கும் என்கிறாய். சரி, அதை உருவாக்கியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பல ஆண்டுகள் டைப்போகிராஃபி கற்றுக்கொடுத்த எமில் ரூடர் முதலில் பழகிய தொழில், அச்செழுத்துகளைக் கையால் அடுக்கும் அச்சுக்கோப்பு. அந்தப் பாணிக்கு முன்னோடியான யான் சிகோல்ட் 1902-இல் லைப்ஸிக்கில் பிறந்தவர், பெயர்ப்பலகை எழுதும் தொழிலாளியின் மகன். அவர்களுடைய போஸ்டர்களில் எழுத்தே படமாக நின்றதற்குக் காரணம், எழுத்தைக் கையால் தொட்டுப் பழகியிருந்தார்கள். நீயோ படத்தை முடித்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்தில் எழுத்தை ஒட்டுகிறாய். உன் ஆசிரியர் சொன்னது சரிதான். தனியாகக் கொண்டுவந்து ஒட்டிய எழுத்து தனியாகத்தான் நிற்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆங்கிலத்துக்கு அமைந்த இடைவெளி தமிழுக்கு அப்படியே அமையாது. 'கி', 'கீ' மேலே சுழிக்கும், 'கு', 'கூ' கீழே இறங்கும். ஸ்விஸ் போஸ்டரைப் பார்த்து வரிகளை நெருக்கினால் மேல் வரியின் வாலும் கீழ் வரியின் தலையும் மோதும். எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் 'கா'வின் கால் தனியே போய் நிற்கும். சாஃப்ட்வேரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பை மாற்றாமல் வாசகத்தை ஒட்டினால், 'னை'யின் இணைக்கொம்பு னகரத்துக்குப் பின்னால் போய் விழும். 'பனை' என்ற தலைப்பே பிழையாகிவிடும். உன் அம்மா இதை ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். ஆனால் முடித்த போஸ்டரை அவருக்கு அனுப்பியதாக உன் கடிதத்தில் எங்கும் இல்லை. வாசகம் மட்டும் அங்கிருந்து வருகிறது, இங்கிருந்து எதுவும் போவதில்லை.

எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. நாள் முழுக்க ஜெராக்ஸ் கடையில் நின்றுவிட்டு வந்து ராத்திரி கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒருவர் உனக்காக அடித்துத் தருகிறார் என்றால், அந்த வேலை என்ன ஆனது என்று அவருக்குக் காட்டுவது உன் கடமை. நன்றி என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டால் அது தீராது. அவரிடம் இருக்கும் தொழிலைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் பிள்ளையின் பொறுப்புதான். உன் அம்மா என்ன வேலை பார்த்தவர் என்று வகுப்பில் யாரிடமாவது சொல்லியிருக்கிறாயா? சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதற்குக் கூச்சம் காரணமாக இருந்தால் இன்றோடு விட்டுவிடு. அம்மாவின் தொழிலைச் சொல்லக் கூசும் பிள்ளைக்கு என்னிடம் பரிவு கிடையாது.

வெள்ளிக்கிழமை பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறி ஊருக்குப் போ. லேப்டாப்பை முதல் நாள் திறக்காதே. பட்டை பிரஷ், மை, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். 'பனை' என்ற இரண்டே எழுத்தை இரண்டு பேரும் எழுதிப் பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் பழைய முறையில் எழுதிக் காட்டச் சொல். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்பு 'னை'யின் ஐகாரம் துதிக்கை போல வளைந்து னகரத்தோடு ஒட்டியே இருக்கும். அந்த வளைவை வைத்தே ஒரு போஸ்டர் பிறக்கலாம். மறுநாள் பாலூ தம்பி, முக்தா மலர், ஹிந்த் மதுரை என்று இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்களில் அதே சொல்லைப் பெரிதாக அச்செடுத்துச் சுவரில் ஒட்டு. எட்டி நின்று எது படிக்கிறது, எது படிக்கவில்லை என்று அம்மா சொல்லட்டும், நீ குறித்துக்கொள். வாசகம் நீளமாக இருந்தால் எதை வெட்டலாம் என்றும் அவரிடமே கேள். படமும் கலரும் அதற்குப் பிறகுதான்.

தமிழ்99 விசைப்பலகையையும் அவரிடமே கற்றுக்கொள். இனி உன் வாசகத்தை நீதான் அடிக்க வேண்டும், ராத்திரியில் அவரைத் தொந்தரவு செய்யாதே. படிப்பை விடுவதைப் பற்றி ஜூரி முடியும்வரை பேச்சே வேண்டாம். ஐந்து போஸ்டர்களும் ஆசிரியர் கைக்குப் போவதற்கு முன்னால் அம்மா கைக்குப் போகட்டும். எழுத்து ஆலோசனை என்று கீழே அவர் பெயரையும் போடு.