விளக்கில் ஆடிய எண்ணெய்

அன்புள்ள ஐயா,

வணக்கம். செந்தூலில் ஓர் அடுக்குமாடியின் 16-ஆவது மாடியில் இருக்கிறோம். ஜொகூர் மாநிலத்துச் சிகாமட்டில் நில அதிர்வு என்று 2025 ஆகஸ்டில் செய்தி பார்த்த நாளிலிருந்து உங்களுக்கு எழுத வேண்டும் என்று இருந்தேன்.

2022 பிப்ரவரி 25, வெள்ளிக்கிழமை. குளித்துவிட்டு விளக்கேற்றினேன். காலை ஒன்பதரை தாண்டியிருக்கும். காமாட்சி விளக்கில் எண்ணெய் ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. திரியைத் தூண்டும்போது கை பட்டிருக்கும் என்று நினைத்தேன். மறுபடியும் போய் வந்தது. சாமி படத்தில் போட்டிருந்த மாலையும் ஆடியது. அப்புறம்தான் என் கால் நிலையாக இல்லை என்று தெரிந்தது. மகளைத் தூக்கிக்கொண்டு செருப்புகூடப் போடாமல் 16 மாடியும் படியில் இறங்கி ஓடினேன்.

கீழே கடையில் ரொட்டி சானாய் வாங்கிக்கொண்டிருந்த கணவர் "என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அங்கே இருந்த யாருக்கும் தெரியவில்லை. "கோவிட் வந்துட்டுப் போன உடம்பு, தலை சுத்தியிருக்கும்" என்றார் மாமியார். செய்தியில் வந்த பிறகும் பேச்சு நிற்கவில்லை. விசேஷ வீடுகளில் இன்றைக்கும் என்னைப் "பூகம்பத்துக்கு ஓடினவ" என்கிறார்கள்.

நான் ஓடியது தப்பா ஐயா? நம் நாட்டில் நிலநடுக்கம் வராது என்றுதானே பள்ளியில் படித்தோம்? இந்த வீட்டை விற்றுவிட்டுத் தரைவீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. கணவர் சிரிக்கிறார்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் பார்த்தது உண்மை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இத்தனை வருடமாக உங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

அன்று காலை நம் நேரம் 9.39-க்கு இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ராவில் பசாமான் வட்டாரத்தில் 6-க்குச் சற்று மேற்பட்ட அளவில் நிலநடுக்கம். அங்கே வீடுகள் இடிந்து விழுந்து இருபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பசாமானிலிருந்து செந்தூலுக்குக் கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர். அந்த ஆட்டம் கடலுக்கு அடியில் ஓடிவந்து உங்கள் விளக்கைத் தொட இரண்டு நிமிடம் போல ஆகியிருக்கும். அதே நேரத்தில் கோலாலம்பூரில் பல அலுவலகக் கட்டடங்களிலிருந்து ஆட்கள் இறங்கிவந்து சாலையோரம் நின்றார்கள். நீங்கள் தனியாள் இல்லை.

சரி, உங்கள் கணவருக்கு ஏன் தெரியவில்லை? அவரும் பொய் சொல்லவில்லை. நிலநடுக்கம் ஒன்றுதான். ஆனால் கீழே கடை வாசலில் நின்றவருக்கும் 16-ஆவது மாடியில் நின்ற உங்களுக்கும் அது ஒரே மாதிரி வரவில்லை.

பூமி குலுங்கும்போது இரண்டு விதமான ஆட்டமும் சேர்ந்தே கிளம்பும். படபடவென்று அடிக்கிற வேகமான அதிர்வு ஒன்று, மெதுவாக நீண்டு போய்வருகிற ஆட்டம் இன்னொன்று. வேகமானது வழியிலேயே தேய்ந்துபோகும். மெதுவானதுதான் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாங்கி வரும். ஊஞ்சலை அதன் போக்குக்குத் தகுந்தபடி தள்ளினால் ஒரு குழந்தை தள்ளினாலும் உயரப் போகும் இல்லையா? ஒவ்வொரு கட்டடத்துக்கும் அப்படி ஒரு போக்கு உண்டு. தோராயக் கணக்குக்கு மாடிகளின் எண்ணிக்கையைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். இரண்டு மாடி வீடு ஒருமுறை ஆடித் திரும்ப நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். இருபது மாடிக் கட்டடத்துக்கு இரண்டு நொடி வேண்டும். சுமத்ராவிலிருந்து தேய்ந்து தேய்ந்து வருகிற அந்த மெதுவான ஆட்டம் உங்கள் கட்டடத்தின் போக்கோடு ஒத்துப்போனது. கடையின் தகரக் கூரையோடு ஒத்துப்போகவில்லை. அவ்வளவுதான்.

இதை உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவரைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒரே தலைமுறையில் பதினாறாவது மாடிக்கு ஏறிவந்த ஜனம் நாம். லயத்துப் பலகை வீட்டில் சுமத்ரா ஆட்டம் எங்கே தெரியப்போகிறது? இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தார் என் பாட்டி. ஆறு பெருகினால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பாம்பு வந்தால் தெரியும். தரை ஆடினால் என்ன செய்வது என்று அவரிடம் ஒரு சொல்கூட இல்லை. அவர் காலடியில் தரை ஆடியதே இல்லை.

பள்ளியில் படித்ததும் முழுக்கத் தவறில்லை. நமது தீபகற்பம் நிலத்தட்டின் விளிம்பில் இல்லை. விளிம்பு சுமத்ராவுக்கு அந்தப் பக்கம், கடலுக்கு அடியில் இருக்கிறது. அது போக, சுமத்ராவின் முதுகெலும்பு மாதிரி 1,900 கிலோமீட்டருக்கு ஒரு பிளவு அந்தத் தீவின் நீளத்துக்கும் ஓடுகிறது. நாம் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். அங்கே சுவரில் முட்டினால் இங்கே படம் ஆடும். 2005-இல் நியாஸ் தீவருகே 8.6 அளவில் வந்தபோது இங்கே நள்ளிரவு தாண்டி ஒன்பது நிமிடம். பினாங்கில் தூக்கத்திலிருந்து எழுந்து கைலியோடு இறங்கி வந்தவர்கள் நடுவில் நானும் நின்றேன். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி சுமத்ராவின் பாடாங் நகருக்கு அருகே 7.6 அளவு. அங்கே ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். கோலாலம்பூரில் மாலை வேலை முடியும் நேரத்தில் மாடிகள் ஆடின.

ஆனால் "வராது" என்ற சொல் தவறு. 2015 ஜூன் 5-ஆம் தேதி சபாவில் ரானாவ் 6.0 அளவில் குலுங்கி, கினாபாலு மலையில் 18 பேர் இறந்தார்கள். 2007-க்குப் பிறகு சில ஆண்டுகள் பகாங்கில் புக்கிட் திங்கி பக்கம் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. இப்போது சிகாமட், 2025 ஆகஸ்ட் 24, விடிகாலை 6.13, அளவு 4.1. அது சுமத்ராவிலிருந்து வந்தது இல்லை. நம் காலடியில் தோன்றியது.

இனி நான் சொல்லப்போவது என் சொந்த விஷயம். உங்கள் கடிதத்தைப் படித்த இரவு தூக்கம் வராததற்கு இதுதான் காரணம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அப்போது பினாங்கின் ஆயர் ஈத்தாமில் 12-ஆவது மாடியில் இருந்தோம். காலை ஒன்பது மணி தாண்டிச் சில நிமிடம். மேசையில் என் மகனின் மீன்தொட்டி. பக்கத்தில் பேப்பரை விரித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தேன். பேப்பரின் ஓரம் நனைந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தொட்டியில் தண்ணீர் ஒரு முனையில் ஏறி, நிதானமாக இறங்கி, மறுமுனையில் ஏறியது. நாற்பது வெள்ளிக்கு வாங்கிய இரண்டு மீன்களும் நடுவில் அசையாமல் நின்றன. தண்ணீர்தான் அவற்றைத் தாண்டிப் போய்வந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் அடுப்படியிலிருந்து வருவதற்குள் நின்றுவிட்டது. "பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள்.

மாத்திரை போட்டிருந்தேன். ஆனாலும் அதற்கு மேல் நான் பேசவில்லை.

பதினொரு மணி வாக்கில் லிஃப்டுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுக்காரர்களைப் பார்த்தேன். பத்து ஃபிரிங்கி கடற்கரைக்குக் கிளம்பியிருந்தார்கள். கணவன், மனைவி, பத்து வயதுப் பையன். கையில் கோழிப் பிரியாணிப் பாத்திரமும் சுருட்டிய பாயும். "காலையில் உங்க வீட்டில் ஏதாவது ஆடுச்சா?" என்று கேட்க வாய் எடுத்தேன். என்ன நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். கையசைத்தேன். லிஃப்ட் கதவு மூடியது.

சாயங்காலம் மூன்று பேரும் திரும்பி வந்தார்கள். இடுப்புக்குக் கீழே சேறு. பாத்திரம் இல்லை, பாய் இல்லை, யார் காலிலும் செருப்பு இல்லை. ஒருவர் கையை ஒருவர் விடவில்லை, கதவைத் திறக்கச் சாவி எடுக்கும்போதுகூட. அவர்கள் நடந்து வந்த வழியெல்லாம் மணல். அந்தக் குடும்பம் பிழைத்துவிட்டது. பினாங்கில் மட்டும் 52 பேர் பிழைக்கவில்லை. நாடு முழுக்க 68 பேர்.

சுமத்ராவுக்கு அப்பால் பூமி அசைந்தது நம் நேரம் 8.59 வாக்கில். இரண்டு மூன்று நிமிடத்தில் என் மீன்தொட்டிக்குத் தெரிந்துவிட்டது. அலை சுமத்ராவின் வடமுனையைச் சுற்றி, ஆழம் குறைந்த மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, வேகம் தணிந்து, பகல் ஒரு மணி வாக்கில்தான் பினாங்குக் கரைக்கு வந்தது. நடுவில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். சுனாமி என்ற வார்த்தையே அன்று எனக்குத் தெரியாது. நான் கேட்டிருந்தாலும் அவர்கள் போயிருக்கக்கூடும். இருந்தாலும் அன்று காலை இந்தத் தீவின் மாடிகளில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் தலைசுற்றல் என்று நினைத்து, வெட்கப்பட்டு, வாயை மூடிக்கொண்டார்கள் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நீங்கள் மூடிக்கொள்ளவில்லை. ஓடினீர்கள். கீழே இருந்தவர்களிடம் சொன்னீர்கள். அதனால்தான் உங்களைக் கேலி செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்த முறை நீங்களோ, அந்தப் பேச்சைக் கேட்டு வளர்கிற உங்கள் மகளோ, ஓடலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தயங்குவீர்கள். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நீங்கள் செய்ததில் ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது படியில் இறங்க வேண்டாம், அதுவும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு. விழுந்து அடிபடுவது அங்கேதான். கண்ணாடி ஜன்னலையும் கனமான அலமாரியையும் விட்டுத் தள்ளி, கெட்டியான மேசைக்கு அடியில் பிள்ளையோடு குனிந்து இருங்கள். ஆட்டம் நின்றதும் விளக்கை அணையுங்கள், கேஸை மூடுங்கள், செருப்பைப் போடுங்கள், சாவியையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு படியிறங்குங்கள். லிஃப்ட் வேண்டவே வேண்டாம். கீழே வந்ததும் கட்டடத்தை ஒட்டி நிற்காதீர்கள். எங்களைப்போல் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஆட்டம் நீண்ட நேரம் இருந்தால் கடலுக்கு எதிர்த்திசையில், மேட்டுக்குப் போக வேண்டும். 2012 ஏப்ரல் 11-ஆம் தேதி 8.6 அளவில் வந்து சுனாமி எச்சரிக்கை கொடுத்தபோது கர்னி கடற்கரையில் அலை பார்க்க வந்து நின்றவர்களைக் கண்ணால் பார்த்தேன். அன்று கடலடித் தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை, தப்பித்தார்கள்.

வீட்டை விற்பது பற்றி. இந்தப் பயத்துக்காக மட்டும் விற்க வேண்டாம். தூரத்து ஆட்டம் உயரத்தைப் பிடிக்கும், பக்கத்து ஆட்டம் தரைவீட்டைப் பிடிக்கும். சிகாமட்டில் பயந்து எழுந்தவர்கள் தாமான் தரைவீட்டுக்காரர்கள்தான். நமது பழைய கட்டடங்கள் நிலநடுக்கத்தைக் கணக்கில் வைத்துக் கட்டப்பட்டவை இல்லை. அதற்கான தேசியத் தரவிதி 2017-இல்தான் வெளியானது. ஆனால் காற்றின் தள்ளலுக்குக் கணக்குப் பார்த்துத்தான் கட்டியிருப்பார்கள். சுமத்ரா ஆட்டத்தால் இதுவரை கோலாலம்பூரில் மாடி எதுவும் இடிந்து விழவில்லை. 2025 மார்ச் 28-ஆம் தேதி மியன்மாரில் 7.7 அளவில் வந்தபோது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் சரிந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாங்காக் மென்மையான களிமண்ணில் உட்கார்ந்திருக்கிற ஊர். அந்த மண் மெதுவான ஆட்டத்தைப் பெருக்கிவிடும். அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மாடி எத்தனை என்பது மட்டும் இல்லை. அடியில் என்ன மண், தூணில் விரிசல் உண்டா என்றும் கேளுங்கள். அடுத்த குடியிருப்போர் கூட்டத்தில் நிர்வாகத்திடம் பொறியாளர் கடைசியாக எப்போது பார்த்தார் என்று எழுத்தில் கேளுங்கள். பூச்சில் விழும் மயிரிழை விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். தூணிலும் உத்தரத்திலும் சாய்வாக ஓடும் விரிசலைக் கண்டால் படம் எடுத்துக் கொடுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. அதிர்வை உணர்ந்தவர்களிடம் மலேசிய வானிலை ஆய்வுத் துறை இணையத்தில் கேள்வித்தாள் நிரப்பச் சொல்கிறது. எந்த ஊர், எத்தனையாவது மாடி, என்ன ஆடியது என்று எழுத வேண்டும். "விளக்கில் எண்ணெய் இரண்டு முறை போய் வந்தது" என்று நீங்கள் எனக்கு எழுதியது மாதிரியே எழுதினால் போதும். கருவி இல்லாத மாடிக்கு நீங்கள்தான் கருவி.

மகளுக்கு அன்று என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. அவளுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கிறதா, மாலை ஆடியதைப் பார்த்தாளா என்று கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எழுதி எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
பினாங்கிலிருந்து உங்கள் அண்ணன்