மூச்சுப் பயிற்சி செய்கிறேன், குடிநிறுத்த மாத்திரையை விட்டுவிடலாமா?

கேள்வி: ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், வயது 38. தினமும் குடித்தவன். சிகிச்சை எடுத்து நிறுத்தி நாலு மாதம் ஆகிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது கம்பெனியில் காலையில் பத்து நிமிடம் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி, அதாவது கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிற பயிற்சி, தருகிறார்கள். மனசுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் ஷிப்மென்ட் நெருங்கும் நாட்களில், வேலை முடிந்து வெளியே வந்ததும் குடிக்கணும் போல இருக்கிறது. கண்ணை மூடி உட்கார்ந்தால் சில நேரம் படபடப்பும் கூடுகிறது. பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் மாத்திரையை விடலாமா?

பதில்: விடாதீர்கள். எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை உங்களுக்கு எழுதிக் கொடுத்த டாக்டரிடம் பேசித்தான் முடிவு செய்யணும். நாலு மாதம் நிற்பது பெரிய காரியம், அதில் மாத்திரைக்கும் பங்கு இருக்கிறது.

பயிற்சி வீண் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும், மறுபடி குடிக்குப் போகாமல் இருக்கவென்றே எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி ஒன்றை உருவாக்கினார்கள். 2014-இல் 286 பேரை வைத்து வந்த ஆய்வில், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது இந்தப் பயிற்சி எடுத்தவர்கள் அதிகமாகக் குடித்த நாட்கள் மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் அவர்கள் எல்லோரும் முதல்கட்ட சிகிச்சையை முடித்துவிட்டு வந்தவர்கள். சிகிச்சைக்கு மேல் சேர்ந்த துணை அது.

உங்களுக்குத் தொந்தரவு சாயந்திரம். பயிற்சியோ காலையில், ஏசி ரூமில். அங்கேதான் இடிக்கிறது. ஷிப்ட் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஓரமாகப் போய் நில்லுங்கள், கண்ணை மூட வேண்டாம், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், குடிக்கணும் என்ற எண்ணம் உடம்பில் எங்கே தெரிகிறது என்று பாருங்கள், தொண்டையிலா, நெஞ்சிலா, கையிலா. அதோடு சண்டை போடாதீர்கள், அதன் சொல்படி நடக்கவும் வேண்டாம். மார்லட் இதை அலை என்பார்: ஏறும், உச்சிக்குப் போகும், தானாக இறங்கும். பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் வேகம் தணிந்துவிடும். அந்த அரைமணி நேரம் டாஸ்மாக் இருக்கிற தெரு வழியாகப் போகாமல் இருந்தால் போதும், பஸ்ஸை மாற்றி ஏறினாலும் சரி.

ஒன்று முக்கியம், பசை ஒட்டும் பிரிவில் நின்று மூச்சை ஆழமாக இழுக்காதீர்கள்! அந்த சால்வென்ட் ஆவியே தலைவலியும் கிறுகிறுப்பும் தரும், அதை மனப் பதற்றம் என்று நினைத்துக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு. காற்றோட்டமான இடத்துக்கு வாருங்கள். கண்ணை மூடினால் படபடப்பு வருவது சிலருக்கு நடப்பதுதான், மூச்சைக் கவனிப்பதற்குப் பதில் நடந்துகொண்டே அடியெடுப்பைக் கவனிக்கலாம். அப்படியும் கூடினாலோ, தூக்கம் கெட்டாலோ டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், நாலு மணிக்கு வெறும் டீ மட்டும் வேண்டாம், சுண்டலோ வாழைப்பழமோ ஏதாவது சாப்பிடுங்கள். பசியும் களைப்பும் சேர்ந்தால் ஆசை இரட்டிப்பாகும்.

உங்கள் கம்பெனிக்காரர்கள் இதைப் படித்தால் சொல்கிறேன். பத்து நிமிடம் கண்ணை மூட வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தையும் பிடுங்கி ராத்திரி ஒன்பது வரை நிறுத்தினால் அது தொழிலாளி நலன் ஆகாது. வேலையிட மனநலம் பற்றி 2022-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டுதலும், தனி ஆளுக்குப் பயிற்சி கொடுப்பதோடு நிற்கவில்லை, வேலைச்சூழலையே சரிசெய்யணும், மேலாளர்களுக்குப் பயிற்சி தரணும் என்கிறது. ஷிப்மென்ட் வாரத்தில் ஓவர்டைமைக் குறைத்துக் கேட்பதில் உங்களுக்கு வெட்கம் வேண்டாம்.

இன்னும் தினமும் குடிக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, தியானத்தை நம்பி ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திய இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் மனக்குழப்பமும் இல்லாத உருவங்கள் தெரிவதும் தொடங்கலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டரிடம் போய், வைட்டமின் பி1-உம் தேவையான மருந்தும் எடுத்துக்கொண்டு நிறுத்துங்கள். வேலூர் பாகாயத்தில் சிஎம்சி ஆஸ்பத்திரியின் மனநல மையம் இருக்கிறது. ராத்திரி பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் ஒருநாள் வழுக்கிவிட்டால் ஒளிக்காமல் மறுநாளே டாக்டரைப் பாருங்கள். உங்களுக்குத் தந்த மாத்திரை டைசல்ஃபிராம் என்றால் மறுநாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள், குடித்ததும் முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சுப் படபடப்பு வரலாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள், மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.